முதல் மணியில் எடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ராசநாயகம் அண்ணைக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. முதல் மணியிலேயே எடுக்கிற மனிதர். மறுபடி அடித்தேன். மணி முழுதும் அடித்து ஓய்ந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நார்த்மீட்டில் இருந்த அவர் வீட்டுக்குக் காரில் ஓடிப் போனது அதைக் கண்ணால் பார்க்கத்தான். தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டிருந்தார்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த வீட்டு வழக்கம் தெரியும். தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வெளியே போன ஒரே மகன் சுதன் திரும்பவில்லை. பத்தொன்பது வயது. அண்ணையும் அவர் மனைவி திலகம் அக்காவும் சிட்னிக்கு வந்ததும் தங்கள் நம்பரை ஊரில் தெரிந்த அத்தனை பேருக்கும் எழுதி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாக வீட்டை விட்டுப் போனதில்லை. கலியாணத்துக்கு அண்ணை வந்தால் அக்கா வீட்டில். "ரெண்டு பேரும் கோபமோ?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். சிரித்துச் சமாளிப்போம். குரலைப் பதிவு செய்கிற மெஷினும் வைக்கவில்லை. "மெஷின் கதைச்சா பெடியன் பிழையான நம்பர் எண்டு வைச்சிடுவான்" என்றார். நாங்கள் அடித்தாலும் ஒரு நிமிடம்தான். "சரி தம்பி, லைனை விடுங்கோ."

2003இல் அக்காவின் முழங்கால்கள் வீங்கி நடை நின்றுபோனது. நியூசிலாந்தில் ரொட்டோருவா என்ற எரிமலைப் பகுதியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, அதில் இருந்தால் சுகம் என்று யாரோ சொன்னார்கள். அக்காவை மட்டும் அனுப்பப் பார்த்தார் அண்ணை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரமட்டா அலுவலகத்தில் பத்து வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் நான். "ரெண்டு பேரும் போங்கோ. நான் வந்து இருக்கிறன். நாலு நாளும் வாசல் தாண்டமாட்டன்" என்றேன்.

"குளிக்கேக்கையும் கதவைத் திறந்து வையுங்கோ" என்றார். சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், நின்று பதில் சொன்னேன். உள்ளே மணி அடித்தது. ஓடினேன். கை வைக்கவும் நின்றது. யார் அடித்தது என்று காட்டுகிற ஃபோன் இல்லை அது. கம்பளம் கழுவித் தருகிறோம் என்று விளம்பரத்துக்கு அடிக்கிறவர்களாக இருக்கலாம். பொழுதுபடும்வரை அந்தக் கதிரையை விட்டு நான் எழவில்லை. மறுபடி அடிக்கவில்லை.

திரும்பி வந்த அண்ணை பையை இறக்க முன்னமே கேட்டார்: "ஆரும் அடிச்சவையோ?"

"இல்லை அண்ணை."

சொன்னால் அந்த நாலு நாளும் அவர்களுக்கு நஞ்சாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில், பயந்துவிட்டேன்.

அன்றைக்கு அண்ணை அதிசயமாக நிறையக் கதைத்தார். அங்கே தெருவோரச் சாக்கடைக் கானிலிருந்தும் ஆவி வருமாம். ஊர் முழுக்கக் கூழ்முட்டை நாற்றமாம். சேறு, கஞ்சி கொதிக்கிற மாதிரிக் கொப்பளிக்குமாம். அக்கா குறுக்கிட்டார். "அதை விடுங்கோ. தம்பி, தண்ணிக்கை இருந்து ரெண்டு பேரும் வாய்விட்டு அழுதனாங்கள். வீட்டிலை அழுதா மணிச் சத்தம் கேளாது எண்டு அழுறேல்லை."

இரண்டு வருடத்தில் அக்கா போய்விட்டார். இறுதிச் சடங்குக்கு அண்ணை போன நேரம் ஃபோனடியில் என்னைத்தான் இருத்தினார். "உங்களைத்தான் நம்பலாம், தம்பி." அக்காவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அதன் பிறகு அண்ணை வெளியே வந்ததே குறைவு. சாமான்களை நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். நான் தினமும் காலையில் அடித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஒவ்வொரு நாளும் லைனை விட்டேன்.

அண்ணை போன பிறகு வீட்டை ஒதுக்க வந்த உறவினர் தொலைபேசி இணைப்பை வெட்டச் சொன்னார். நான் அந்த நம்பரை என் வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். "இனி ஆர் அடிக்கப் போகினம்?" என்று மனைவி கேட்டாள். ஒருவரும் அடிக்கமாட்டார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. தப்பித் தவறிச் சுதன் அடித்தால், தாயும் தகப்பனும் இல்லை என்று நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும். அந்த மூன்றாம் நாள் காலை அடித்தது நீயா என்றும் கேட்க வேண்டும்.