மேசைக்கடியில் நான்கு கால்கள்

பஸ் டிப்போவில் அந்த டிரைவருக்கு ‘ஹாரன்’ என்றுதான் பெயர். வண்டி வருவதற்கு முன்னால் அவருடைய சிரிப்பு வந்து சேர்ந்துவிடும் என்பார்கள். மனைவி போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் அழவில்லை என்பதுதான் ஹாரனைப் பயமுறுத்தியது. பள்ளிக்குப் போனாள், வீட்டுப்பாடம் எழுதினாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். ‘அம்மா’ என்ற சொல் மட்டும் வாயில் வரவே இல்லை. அவர் அம்மா பேச்சை எடுத்தாலே, “தூக்கம் வருதுப்பா” என்று எழுந்துவிடுவாள். “குழந்தைதானே, மறந்திடுவா” என்று சொல்லிவிட்டுச் சொந்தக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

டிப்போ கிளார்க் ஒருத்தி சொல்லித்தான் ஹாரன் மகளை ஊர் நூலக மாடிக்குக் கூட்டிப்போனார். பெற்றவர்களையோ கூடப்பிறந்தவர்களையோ பறிகொடுத்த பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அங்கே கூடுவார்கள். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் பெரியவர்கள். நடத்தியவள் ஒரு நர்ஸ். சின்ன வயதில் தம்பியை இழந்தவள். உபதேசம் எதுவும் கிடையாது. பேசலாம், படம் வரையலாம், சும்மாவும் இருக்கலாம். மகள் மாதக்கணக்கில் சும்மாவே இருந்தாள்.

“இன்னும் வாயே திறக்கலையேம்மா,” என்று ஹாரன் குறைப்பட்டார்.

“காது திறந்துதானே இருக்குண்ணே,” என்றாள் நர்ஸ்.

மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, முன்பல் விழுந்த ஒரு சிறுமி புதிதாக வந்தாள். அப்பா விபத்தில் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வந்த வேகத்தில் மேசைக்கடியில் புகுந்துகொண்டாள். தாய் கெஞ்சியும் வரவில்லை. பாவமாக இருக்க, ஹாரன் தடுப்போரம் எட்டிப்பார்த்தார். மகளின் நாற்காலி காலியாக இருந்தது. மேசைக்கடியில் நான்கு கால்கள் தெரிந்தன.

“நான்தான் அப்பாவை ‘போ, உன்கூடப் பேசமாட்டேன்’னு சொன்னேன்,” என்றது சின்னக் குரல். “அதான் செத்துட்டாரு.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்,” என்றாள் மகள். “ஜடையை இறுக்கிப் பின்னிட்டாங்கன்னு அம்மா மேல கோவம். அவங்க டாட்டா காட்டினப்போ நான் திரும்பவே இல்ல. அன்னிக்குத்தான் செத்துப்போனாங்க.”

இவ்வளவு பாரத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டா இந்தப் பெண் வீட்டுப்பாடம் எழுதினாள்? உள்ளே பாயப்போன ஹாரனின் சட்டையைப் பிடித்து நர்ஸ் நிறுத்தினாள்.

“அப்போ உன்னாலதானா?” என்று கேட்டது சின்னக் குரல்.

“இல்ல. இங்க எல்லாரும் சொல்றதைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். அந்தக்கா தங்கச்சியைக் கிள்ளினாளாம். அந்தண்ணன் சாப்பிடாம அடம்பிடிச்சானாம். எல்லாருமே தன்னாலதான்னு நினைச்சிருக்காங்க. நாம சண்டை போட்டா செத்துடுவாங்கன்னா, உலகத்துல ஒரு அம்மாகூட மிச்சம் இருக்கமாட்டாங்க.”

மேசைக்கடியில் ஒரு விக்கல் கேட்டது. பிறகு, கேட்டவர்களால் நம்பவே முடியவில்லை, அந்தப் பொடிசு களுக்கென்று சிரித்தது.

ஹாரன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். யாரோ மலையைப் புரட்டுவதை நேரில் பார்த்தவர்போல் இருந்தது அவருக்கு. எத்தனை பெரியவர்கள் எத்தனை ஆறுதல் சொல்லியிருப்பார்கள்! ஒன்றாவது அந்த மேசைக்கடிவரை போயிருக்குமா?

வீட்டுக்குப் போகும்போது படிக்கட்டில் பாதியில் மகள் உட்கார்ந்துவிட்டாள். “அம்மா” என்றாள். அடக்கி வைத்த அழுகையெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டார். ஏறி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் நூலக மாடிக்குப் போய் ஜன்னல்களைத் திறந்துவைக்கிறார். புதிதாக வரும் அப்பாக்களின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

“நீங்க இங்க என்ன வேலைண்ணே பாக்கறீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“நானா? பிள்ளைங்க பாக்கற வேலையை வாயைப் பொளந்துக்கிட்டு பாத்துட்டு இருக்கேன். உக்காருங்க, நீங்களும் பாருங்க.”