ஆளில்லாத பங்கு

இது கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள், திண்டுக்கல் பேகம்பூரில் ஜெகபர் அலியின் கருவாட்டுக் கடைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "பாய், அந்தக் கிண்ணம் எங்கே?" மனிதர் தராசைக் கீழே வைத்துவிடுவார். அன்றைக்கு வியாபாரம் அவ்வளவுதான்.

1959, சித்திரைக் கடைசி. திண்டுக்கல்லில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெகபர் அலியின் மனைவி நர்கீஸ் பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பால் ஊறவில்லை. பிள்ளை அழுது அழுது, இப்போது அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பால்சுறாவைப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொல்வதற்கென்ன? ஆத்தூர் அணை மீன் விற்கிற ஊரில் கடல் சுறாவுக்கு எங்கே போவது? கடை நிறையக் கருவாடு வைத்திருந்தவருக்கு, பெற்ற பிள்ளைக்காக ஒரு பச்சை மீன் கிடைக்கவில்லை. அந்த வேதனையோடுதான் அவர் பஸ் ஏறினார்.

தொண்டிப் பக்கம் அவர் வழக்கமாகக் கருவாடு எடுக்கும் ஒரு குப்பம். போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, கரையில் நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கிற வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒரு பங்கு. ஜெகபர் அலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றின் கடைசியில் போய் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அவர்தான் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் கயிறு தொய்ந்து மணலில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. விறைத்து நின்றது. ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னாலிருந்து "ஹ்ம்ம்..." என்று ஒரு மூச்சு. பிடரியில் ஈரம் பட்டது.

திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. கயிறு பொத்தென்று மணலில் விழுந்தது.

மீனைக் குவியல் குவியலாகப் பங்கு வைத்தார்கள். ஆட்களைவிட ஒரு குவியல் அதிகம். அதன் மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு பால்சுறா. அன்றைக்கு வலையில் விழுந்த சுறா அது ஒன்றுதான்.

"மரியசெல்வம், அது யாரு பங்கு?"

வலைக்கார மரியசெல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுக்கு ஆள் இருக்கு. தொடாதீங்க பாய்."

"வீட்ல பிள்ளைக்குப் பால் இல்லப்பா. வெலையச் சொல்லுங்க."

"அது விக்கிறதில்ல."

எல்லோரும் வலையை அலசப் போனார்கள். அந்தக் குவியலை எடுக்க யாரும் வரவில்லை. ஜெகபர் அலி திருடர் இல்லை. தன் பங்கு முழுவதையும் அள்ளி அந்தக் குவியலில் போட்டார். ஒன்றுக்கு நாலாகத்தானே வைக்கிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். வியாபாரி புத்தி, வேறென்ன. சுறாவுக்கு உப்பைத் தடவி, ஓலைப்பெட்டியில் மூடி எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

மதுரையில் பஸ் மாறினார். பக்கத்து சீட் காலி. வாடிப்பட்டி தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு டிக்கெட்டா பாய்?"

"ஒண்ணுதான்."

"அப்ப ஒங்க கூட ஏறுனவரு எங்க?"

ஜெகபர் அலி பக்கத்து சீட்டைப் பார்த்தார். சொதசொதவென்று ஈரம். கருவாட்டுக்காரர் பழக்கம், தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்புக் கரித்தது.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. நர்கீஸ் முடியாத உடம்போடு எழுந்து, பூண்டு உரித்துப் போட்டுப் புட்டு கிளறினாள். அவர் அந்தி நேர மஃரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போனார்.

திரும்பி வந்தார். வாசற்படியில் ஈரக் கால் தடம். விரல் இடுக்கு மணல்கூட அப்படியே...

தெருவிலிருந்து வந்த தடம் இருந்தது. போன தடம் இல்லை.

உள்ளே பிள்ளை வாய் நிறையப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

"என்னங்க, ஒங்க கூட்டாளி வந்துட்டுப் போனாரு."

"யாரு?"

"பேரு சொல்லல. தொப்பலா நனைஞ்சு நின்னாரு. எங்க வீட்லயும் பிள்ள பெத்தவ இருக்கா, எம் பங்கக் குடும்மான்னாரு."

"நீ...?"

"பாவமா இருந்துச்சு. பாதிப் புட்ட என் கிண்ணத்துல போட்டுக் குடுத்தேன்."

வெளியே மழை இல்லை. இரண்டு மாதமாக இல்லை.

நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. குப்பத்துக்குப் போய் மரியசெல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். மரியசெல்வம் அவரை ஒரு குடிசைக்குக் கூட்டிப் போனார்.

உள்ளே இஞ்ஞாசியம்மாள். மடியில் பச்சைக் குழந்தை.

"இவ புருஷன் சவரி. எப்பவும் கயித்துக்குக் கடைசியில நிப்பான். மாசியில வலை பாறையில சிக்குச்சு. எடுக்கப் போனான். வரல. ஒடம்பும் கெடைக்கல. அவன் பங்கத்தான் பாய் இவளுக்கு வச்சுக்கிட்டு இருக்கோம்."

ஜெகபர் அலி அப்போதுதான் அடுப்போரம் பார்த்தார்.

ஈயம் பூசிய பித்தளைக் கிண்ணம். விளிம்பில் பேர் வெட்டியிருந்தது.

நர்கீஸ்.

"இது... எப்பம்மா வந்துச்சு?"

"வலையில சுறா விழுந்த அன்னைக்குத்தான் பாய். பொழுது அடையுற நேரம், வாசல்ல இருந்துச்சு. யாரு வச்சதுன்னு தெரியல."

பொழுது அடையுற நேரம். அதே மஃரிப் நேரம். திண்டுக்கல்லிலிருந்து அங்கே வந்து சேர ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும்.

"ஆறிப் போயிருந்துச்சாம்மா?"

இஞ்ஞாசியம்மாள் இல்லை என்று தலையாட்டினாள்.

"கிண்ணத்தத் தொட முடியல பாய். அம்புட்டுச் சூடு."