வெயில் வந்தால் தீனாநாத்

அடுத்த அறையில் கைத்தடி தரையைத் தட்டியது. டொக், டொக். பேசிக்கொண்டிருந்த தன்மய் வேலங்கர் சட்டென்று நிறுத்தினான்.

"நீ பேசுப்பா. கிரிக்கெட் பத்தி யாராவது பிடிக்காததைச் சொன்னா பாவு அப்படித்தான் தட்டுவார். முட்டிதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி நலினி கார்கானிஸ் அவல் போஹே தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

பாவு என்பது அவளுடைய அண்ணன் கஜானன் பிரதான். அந்தப் பெயரைச் சொன்னால் தாதர் மைதானத்தில் இன்றைக்கும் வயதானவர்கள் தேநீர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். நவோதித் கிளப்பின் அணித் தலைவராக மழைக்கால லீக் ஆட்டங்களில் அவர் எடுத்த ஓட்டங்கள் கதைகளாகிவிட்டன. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பந்து இன்னும் கொஞ்சம் தூரம் போய் விழும். மனைவி இறந்த பிறகு தங்கை வீட்டின் உள்ளறைக்கு வந்துவிட்டார்.

தன்மய் ஒரு வங்கியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கிளப்புக்குப் பந்து வீசினான். கிளப்பின் பவள விழா வருகிறது. புதிதாகக் கட்டிய ஓய்வறைச் சுவரில் கிளப்பின் தலைசிறந்த மட்டையாளரின் பெயரைப் பொறிப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. சண்டையும் அன்றைக்கே தொடங்கியது. பழைய ஆட்கள் பிரதான் பெயரைச் சொன்னார்கள். தலைக்கவசம் கிடையாது, மழையில் நனைந்து கிடக்கும் ஆடுகளம், அதில் அவர் சராசரி நாற்பத்தெட்டு. இளவட்டங்கள் ஓம்கார் ராய்கரைச் சொன்னார்கள். பத்து வருடத்துக்கு முன் ஆடியவர், சராசரி அறுபத்து மூன்று. ராய்கர் கம்பளம் மாதிரி ஆடுகளத்தில் ஆடினவன் என்று பழைய ஆட்கள் சொல்ல, பிரதான் காலத்துப் பந்து வீச்சாளர்களுக்குத் தொப்பை இருந்தது என்று இளவட்டங்கள் திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையில் ஒவ்வொருவனுக்கும் தன் இருபது வயதில் பார்த்த ஆட்டக்காரனே பெரியவன். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

தன்மய்தான் வேறு வழியில் கணக்குப் போட்டான். அதைச் சொல்லத்தான் இந்த மழையில் வந்திருந்தான். நலினியைக் காகூ என்றும் பிரதானைக் காகா என்றும், சித்தி சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுவான்.

"வெறும் ஆவரேஜ் பாத்தா பிரயோஜனம் இல்ல காகூ. அன்னிக்கு அதே பிட்ச்சுல மத்தவங்க என்ன எடுத்தாங்கன்னு பாக்கணும். எல்லாரும் அஞ்சு ஆறுன்னு விழுந்த நாள்ல ஒருத்தர் இருபத்தஞ்சு எடுத்தா, எல்லாரும் நாப்பது எடுத்த நாள்ல அடிச்ச நூறை விட அது பெருசு. அப்படிப் பாத்தா முதல்ல வர்றது பிரதான் காகாவும் இல்ல, ராய்கரும் இல்ல."

"பின்ன?"

"உங்க வீட்டுக்காரர். தீனாநாத் கார்கானிஸ்."

நலினி முந்தானையால் கையைத் துடைத்தாள். ஈரமே இல்லாத கையை ரொம்ப நேரம் துடைத்தாள்.

தீனாநாத்தின் சராசரி பத்தொன்பது. கமிட்டியில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் கமிட்டித் தலைவர் ஒரு வழி சொன்னாராம்: பிரதானே தன் வாயால் சரி என்று சொன்னால் பொறித்துவிடலாம், அவர் சொல்லாமல் பத்தொன்பதைச் சுவரில் ஏற்றினால் தாதரே சிரிக்கும். ஆக, எல்லாம் இப்போது உள்ளறையில் இருப்பவர் கையில் இருந்தது.

நலினிக்கு இது பெயர்ப் பலகை விஷயம் மட்டும் அல்ல. அவள் பிறந்தது கிரிக்கெட் வீட்டில். சின்ன வயதில் அண்ணனுடைய வெள்ளைக் கால்சராயில் படிந்த சேற்றைத் துவைத்தவள். அண்ணனே பார்த்துத் தன் அணியின் ஆட்டக்காரனுக்கு அவளைக் கட்டிவைத்தார். கல்யாணப் பேச்சு நடந்தது மைதானத்துக் கூடாரத்தில், ஆட்டம் மழையால் நின்றிருந்த நேரத்தில். கல்யாணம் ஆன முதல் மழைக்காலத்திலேயே அவளுக்குச் சேதி புரிந்துவிட்டது. ஆடுகளம் முழுக்க ஈரமாக இருக்கும்வரை பந்து மெதுவாக வரும், பயமில்லை. வெயில் வந்து காய ஆரம்பிக்கும் ஒரு மணி நேரம்தான் நரகம். ஒரு பந்து கணுக்காலில் உருளும், அடுத்தது தாடைக்கு எழும்பும். பிரதான் கட்டை விரலால் ஆடுகளத்தை அழுத்திப் பார்ப்பார். மேகம் விலகினால் முதலில் போகிறவர் தீனாநாத். ஆடுகளம் நன்றாக இருக்கும் நாட்களில் அவருக்கு ஏழாவது இடம். பாதி நாள் மட்டையையே தொடமாட்டார். மைதானத்தில் இதற்கு ஒரு பேச்சே இருந்தது: வெயில் வந்தால் தீனாநாத்.

அவர் அடிபட்டு முடித்து, ஆடுகளம் சாதுவான பிறகு அண்ணன் இறங்கி எழுபது எடுப்பார். மறுநாள் பேப்பரில் எழுபது வரும். தேர்வாளர்கள் எழுபதைப் பார்ப்பார்கள். தீனாநாத்தை மாநில அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. கிரிக்கெட்டுக்காக வேலை கொடுத்த கம்பெனியும் மாநில அணிக்குப் போனவர்களைத்தான் மேலே ஏற்றியது. அவர் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றார்.

ஞாயிறு மாலைகளில் அவருடைய விலாவிலும் தோளிலும் நீலம் பாரித்திருக்கும். நலினி மஞ்சளைச் சுடவைத்துப் பற்றுப் போடுவாள், அழுவாள். அண்ணனை வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவர் சாப்பிட வந்தால் இலையில் ஒரு தடவை வைப்பதோடு சரி, மறு தடவை கேட்கமாட்டாள். கணவர் இறந்த பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. அண்ணனுக்கு மருந்து கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள். உட்கார்ந்து பேசியது கிடையாது.

இப்போது அவள் எழுந்து உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

"எல்லாம் கேட்டுதா?"

"கேட்டுது" என்றபடி பிரதான் தடியை ஊன்றி வந்தார். நாற்காலியில் உட்காரவே நேரம் பிடித்தது. தன்மய் எழுந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"உன் கணக்குல நான் எத்தனாவது?"

"மூணாவது காகா."

"ரெண்டாவது?"

"ராய்கர்."

"ஹெல்மெட் போட்டு ஆடினவனா எனக்கு முன்னாடி?"

"கணக்குக்கு ஹெல்மெட் தெரியாது காகா."

"அப்ப அதுக்கு வேற என்னதான் தெரியும்? என்னை விட தீனா பெரியவன்னு சொல்றியே, எதனால?"

தன்மய் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். மோசமான நேரத்தில் இறங்கி, தன் சராசரியைப் பலி கொடுத்து, பிரதானைக் காப்பாற்றியவர் தீனாநாத் என்றான். பெயருக்குக் கீழே ஒரு வரியும் எழுதி வைத்திருந்தான். 'அணிக்காகத் தன்னையே தியாகம் செய்தவர்' என்று. அதைக் கேட்டதும் நலினியின் கண் நிறைந்தது. எத்தனையோ வருடமாக அவள் யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த வார்த்தை அது. அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

பிரதான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கச் சற்று நேரமாயிற்று.

"தியாகமா? முதல் தடவை நான் அனுப்பினேன், வாஸ்தவம். வேற ஆள் இல்ல. அதுக்கப்புறம் வானம் வெளுத்தாப் போதும், நான் சொல்றதுக்குள்ள அவனே கால் பேடைக் கட்டிட்டு நிப்பான். காஞ்ச பிட்ச்சுல முதல்ல இறக்கிப் பாத்தேன். கொட்டாவி விட்டுட்டு அவுட்டாகி வந்தான். 'பந்து எங்க வரும்னு முன்னாடியே தெரிஞ்சா அப்புறம் என்ன ஆட்டம் பாவு'ன்னு என்னையே கேட்டான்."

"பொய்" என்றாள் நலினி.

"உங்கிட்ட எனக்கு என்ன பொய்?"

"அப்படின்னா இவ்வளவு வருஷம் ஏன் சொல்லல?"

பிரதான் தடியின் பிடியைத் தடவினார். "அவன்தான் வேண்டாம்னான். 'நான் ஆசைப்பட்டுப் போறேன்னு தெரிஞ்சா உன் தங்கச்சி மஞ்சளையும் அரைக்கமாட்டா, அழவும் மாட்டா. கட்டையை எடுத்துட்டு வருவா. நீயே கெட்டவனா இரு பாவு'ன்னான். இருந்துட்டேன்."

வெளியே மழை பலத்தது. நலினிக்கு முதலில் வந்தது கோபம். செத்துப் போனவர் மேல் கோபப்பட வழியில்லாததால் அது இருப்பவர் மேல் திரும்பியது.

"நான் உனக்கு மறு சோறு போட்டதில்லையே பாவு. அது கூடவா உறைக்கல?"

"உறைச்சுது. தீனா மறுநாள் டப்பால கொண்டு வந்து கொடுத்துடுவான். உன் கையால செஞ்ச பிர்டா குழம்பு முக்கால்வாசி நான்தான் சாப்பிட்டேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தியாகி என்று நினைத்து அழுத மனிதர் ஆசைக்கு அடிபட்டிருக்கிறார். அந்த மாநில அணி, அந்தப் பதவி உயர்வு, எதுவும் அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை. அவர்தான் திரும்பிப் பார்க்கவில்லை. இனி அந்தப் பெயர் சுவரில் நிற்குமா என்பதுதான் அவளுடைய பயமாக இருந்தது.

அதைத் தன்மயிடம் கேட்டும்விட்டாள். "ஆசைப்பட்டுப் போனார்னா, உன் கணக்கு மாறுமா?"

"மாறாது காகூ. எதுக்குப் போனார்ங்கறது அதுக்குத் தெரியாது. என்ன எடுத்தார்ங்கறதுதான் தெரியும்."

பிரதான் தலையசைத்தார். "கணக்கு முதல் தடவையா ஒழுங்காப் பேசுது. காஞ்ச பிட்ச்சுல அவனை விட நான் நல்லா ஆடினேன், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா காய்ற பிட்ச்சுல அவன் ஆடினதைச் சில நாள் எதிர்முனையில நின்னு பாத்திருக்கேன். என்னால முடியாது. ராய்கராலயும் முடியாது. கமிட்டில சொல்லு, பிரதான் சரின்னுட்டார்னு."

நலினி சுவரிலிருந்து தீனாநாத்தின் படத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன்மயிடம் கொடுத்தாள்.

"கீழே ஒரு வரி வெச்சிருக்கியே, அதை அடிச்சிடு" என்றாள்.

"வேற என்ன காகூ எழுதறது?"

"பேரை மட்டும் போடு. பத்தொன்பதையும் போடு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

தன்மய் பையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, குடையை விரித்துப் படியிறங்கினான். அவன் தலை மறையும்வரை நின்றுவிட்டு, அண்ணனுக்குப் பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நலினி கதவைச் சாத்தினாள்.