பிரேக்கை மிதித்தால் கண்ணடிக்கும் கார்

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட் சேர்ந்து கண்ணடிக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எதுவுமே எரியவில்லை. வண்டிக்கு ஒயரிங் பார்க்கிற தொழில் என்றால் இதுதான்: பாதி நாள் வண்டிக்கு அடியில், மீதி நாள் வசவுக்கு அடியில்.

பழைய பைக்கையோ காரையோ வைத்துக்கொண்டு அல்லாடுகிற என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வயது பதினெட்டு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான், அதற்கு மேல் கதை கிடையாது. சாரம் என்கிற எங்கள் ஏரியாவில் சேகர் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷமாக ஒயரிங் என் பொறுப்பு.

கார் அந்துவான் ஐயாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஊரே அவரை முசியே என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவருடைய அப்பா வாங்கிய கார், அறுபது வருஷம் ஆகிறது. எட்டு மாசமாகப் பிரித்து, தகர வேலை பார்த்து, பெயின்ட் அடித்து, கடைசியாக விளக்குக்காக என்னிடம் வந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன். ஒரு விளக்கு எரியாவிட்டாலும் வண்டி ரோட்டுக்கு வர முடியாது. சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணை இந்தக் காரில்தான் சர்ச்சுக்குக் கூட்டிப்போவேன் என்று அவர் ஒரே பிடிவாதம்.

பல்பு மேல் பழி

முதலில் பல்பை மாற்றினேன். எல்லா முட்டாளும் முதலில் அதைத்தான் செய்வான், நீங்களும் செய்திருப்பீர்கள். அப்புறம் ஃபியூஸ். அப்புறம் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிற ஃப்ளாஷர். சாயங்காலத்துக்குள் மாற்றக்கூடியது எல்லாம் மாற்றியாகிவிட்டது. பிரேக்கை மிதித்தேன். இடப்பக்க இண்டிகேட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தது.

முசியே மடக்கு நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு புதுப் பல்பைப் போடும்போதும் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ‘நீங்க வீட்டுக்குப் போங்க முசியே, நீங்க இருந்தா கை ஓட மாட்டேங்குது’ என்று மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டே சொன்னார்:

“பல்பெல்லாம் புதுசா அழகா இருக்கு தம்பி, வியாதிதான் பழசாவே இருக்கு.”

மல்லிகா அக்காவின் ரிப்போர்ட்

உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறவனுக்குப் பின்னால் என்ன எரிகிறது என்று தெரியாது. இது உங்களுக்கும் தெரிந்த கஷ்டம்தான். வியாழக்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப்பில் வேறு ஆள் இல்லை. எதிரில் இட்லிக் கடை போட்டிருக்கிற மல்லிகா அக்காவைப் பிடித்தேன். இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே கத்தினார்: “சேப்பு எரியுது. மஞ்சளும் லேசா எட்டிப் பாக்குது.” மறுபடி மிதித்தேன். “அதே கதைதான்.” இப்படியே ஒரு மணி நேரம்.

திடீரென்று, “ஏ தம்பி, இப்ப பளிச்சுனு எரியுதே, இன்னா பண்ண?” என்றார். நான் ஒன்றும் பண்ணவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். திறந்து கிடந்த டிக்கியில் ஜாக்கி ராடு சரிந்து, ஒரு முனை விளக்கின் முதுகிலும் மறு முனை டிக்கி பூட்டின் இரும்பிலும் சாய்ந்து கிடந்தது. ராடை எடுத்தேன், விளக்கு மங்கியது. வைத்தேன், எரிந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கரன்ட் விளக்குக்குப் போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். அந்தக் காலத்துக் காரில் திரும்பி வருகிற வழி வண்டியின் தகரம்தான். அதை எர்த் என்போம். இந்த வண்டியில் எர்த் கிடைக்காமல் கரன்ட் அடுத்த விளக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ரோட்டைக் கடந்து ஓடிப்போய் அக்காவுக்குக் கும்பிடு போட்டேன்.

“அஞ்சு இட்லி துன்றவனுக்கு அம்பது வாட்டி லைட்டு பாத்துச் சொல்றேன், இந்த அநியாயம் எங்கனா நடக்குமா?”

காதர் பாய் பார்க்காத நேரம்

எர்த்தை யார் அடைத்தது? பெயின்டர் காதர் பாய்தான். கெட்ட வேலை செய்து அல்ல, நல்ல வேலை செய்து. மற்ற பெயின்டர்கள் விளக்கு உட்காருகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாதே என்று சும்மா ஒரு ஊது ஊதிவிட்டு விடுவார்கள். இவர் அங்கேயும் வெளியே அடித்த மாதிரியே கோட்டு மேல் கோட்டு போட்டு, ஸ்க்ரூ ஓட்டைக்குள்கூட வழவழவென்று வைத்திருந்தார். விளக்குக்கும் தகரத்துக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி பெயின்ட், கரன்ட் தாண்ட வழியே இல்லை.

விளக்கு உட்காருகிற நாலு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டணும் என்று சொன்னேன். “என் புள்ள மூஞ்சில பிளேடு போடுவியாடா?” என்று கத்தினார். தனி ஒயர் இழுக்கச் சொன்னார். அதற்குப் புதுசாகத் தைத்த சீட்டையும் உள்துணியையும் பிரிக்கணும், விடிந்தால் இன்ஸ்பெக்‌ஷன் என்றேன். பேனட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அப்புறம் அவரே உள்ளே போய் உப்புத்தாளைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

“நான் டீ குடிக்கப் போறேன், வர்றதுக்குள்ள முடிச்சிடு, நான் பாக்கக் கூடாது.”

கை வழுக்கிய இடம்

மூன்று இடம் சுத்தமாக முடிந்தது. நாலாவது, பின்னால் வலப்பக்கம். அவசரக்காரன் நான், ஒத்துக்கொள்கிறேன். சுரண்டி முடித்து விளக்கைத் திரும்ப முடுக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, விளக்குக்குக் கீழே வெளிப்பக்கமே ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. வெண்ணெய் நிறப் பெயின்ட்டில் கறுப்பாகப் பல்லைக் காட்டியது. எல்லா விளக்கும் எரிகிறது என்று எதிர்க்கடையிலிருந்து அக்கா கைதட்டுகிறார், நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சேகர் அண்ணன் வந்து பார்த்தார். “வாயத் தொறக்காத. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அதற்குள் திரும்பி வந்த காதர் பாய் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மிச்ச பெயின்ட்டைக் கலக்கி, மெல்லிய பிரஷ்ஷால் கோட்டை மூடினார். பக்கத்தில் போனால் தெரியும், தள்ளி நின்றால் தெரியாது. யாராவது கேட்டால் தான்தான் கீறினேன் என்று சொல்வதாகச் சொன்னார். ஏன் பாய் என்றேன்.

“என் பெயின்ட்டாலதானே ரெண்டு நாளா நீ செத்த, அதுக்கு இது சரியாப் போச்சு.”

வெள்ளிக்கிழமை

எல்லோரும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பிரேக் என்றார், பிரேக் மட்டும் எரிந்தது. இடது என்றார், இடது மட்டும் சிமிட்டியது. “எங்க வீட்டுக் காருல இத்தன லைட்டு எரியாது” என்று கையெழுத்துப் போட்டார். முசியே என்னைக் கட்டிப் பிடித்து ‘மெர்சி, மெர்சி’ என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி முதுகில் தட்டினார். தட்டத் தட்ட என் கண் வலப்பக்க விளக்குக்கே போனது. சேகர் அண்ணன் கண்ணால் மிரட்டினார். காதர் பாய் வேப்ப மரத்தைப் பார்த்தார்.

“முசியே, வலப்பக்க லைட்டுக்குக் கீழ ஒரு கீறல் இருக்கு. பாய் இல்ல, நான்தான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். விரலால் அந்த இடத்தைத் தடவினார். நாளைக்கு மகளை உட்கார வைக்கப் போகிற வண்டி. எழுந்திருக்க நேரமானது. கை கொடுத்துத் தூக்கிவிட்டேன், கையை விடாமலே சொன்னார்:

“அப்பா இந்தக் கார வாங்கின மறுநாளே இதே எடத்துல நான் சைக்கிள வுட்டு மோதினேன், அறுபது வருஷமா யார்கிட்டயும் சொல்லல, நீ ஒரு நாள்கூடத் தாங்கலையேடா!”

சனிக்கிழமை சர்ச் வாசலில் முசியே பிரேக்கை மிதித்தபோது மல்லிகா அக்கா, காதர் பாய், நான் மூன்று பேரும் பெண்ணைப் பார்க்காமல் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். விளக்கெல்லாம் சொன்னபடி கேட்டது, திறக்காதே என்று சேகர் அண்ணன் சொல்லியும் கேட்காதது என் வாய் ஒன்றுதான்.