அப்பா நம்பாத கேமரா

அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு மூத்த மகள் நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பாதி ஸ்ரீராம்புரத்தோடு அப்பா போட்ட கேமராக் கம்பெனிச் சண்டையை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது. ஆனால் எந்தக் கம்பெனியின் பெயரையும் எழுத மாட்டேன். எழுதினால், "விளம்பரத்துக்கு எவ்ளோ வாங்கின?" என்று மேலிருந்தே கேட்பார்.

அப்பா குடியாத்தத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, பிழைப்புக்காகப் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு வந்து, ஒற்றை அறை வீட்டில் எங்களை வளர்த்தார். வார நாட்களில் மில் வேலை, முகூர்த்த நாட்களில் கல்யாண போட்டோ. மில் மூடிய பிறகு போட்டோதான் சோறு போட்டது. ஒருமுறை மேடையிலிருந்து உருண்ட கேமரா, பாயச அண்டாவில் விழுந்து எழுந்தும் வேலை செய்ததாம். அன்றிலிருந்து அது 'நம்ம கம்பெனி'. போட்டிக் கம்பெனிக்கு அப்பா வைத்த பெயர் வெறும் 'அவன்'.

அவன் மேல் அப்பாவுக்கு இல்லாத சந்தேகம் கிடையாது. கேமராவோடு பை இனாம் என்று கடைக்காரர் சொன்னால், "பை சும்மா குடுக்கறான்னா உள்ள இன்னாவோ கோளாறு இருக்கு" என்பார். அவன் கேமராவில் எடுத்த படத்தை யாராவது காட்டினால், சன்னலோரம் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "முகத்துல பச்சை அடிக்குது" என்று திருப்பித் தருவார். எங்கள் கண்ணுக்கு ஒரு பச்சையும் தெரியாது.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குத்தான் என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்தார், தோளில் அந்தப் போட்டிக் கம்பெனியின் கேமராவோடு. அப்பா சம்பளம் கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை.

"இது யார் வாங்கச் சொன்னது, தம்பி?"

"நானே பாத்து வாங்கினேன் சார். பொம்மனஹள்ளில ஒரு கடை."

"கடைக்காரன் சொன்னான், நீங்க நம்பிட்டீங்க."

கல்யாணம் நடந்தது. சந்தேகம் போகவில்லை. இவர் கேமராவைத் தூக்கினாலே அப்பா துண்டால் முகம் துடைக்க ஆரம்பிப்பார், இல்லையென்றால் வாசலில் யாரோ கூப்பிட்டதாக எழுந்து போய்விடுவார். இவர் சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். கேமராவையே ஒத்துக்கொள்ளாதவர் மனுஷனை ஒத்துக்கொண்டாரா என்ற கேள்வி என்னை அரித்தது.

என் மகனின் முதல் பிறந்தநாளன்று அப்பா பேரனை மடியில் வைத்துக்கொண்டு தன் கேமராவை இவரிடம் நீட்டினார்.

"மாப்ள, இதுல ஒண்ணு எடுங்க. உங்களுதுலயும் ஒண்ணு எடுத்துக்கோங்க, போனா போகுது. எது நிக்குதுன்னு பாக்கலாம்."

லேப்காரரையும் நம்பாதவர் ஆயிற்றே! இரண்டு கேமராவிலிருந்தும் ரோலைத் தானே கழற்றிக் கொண்டுபோய், கழுவி முடியும்வரை பக்கத்திலேயே நின்றாராம். வரும்போது கையில் ஒரே ஒரு படம்.

"உங்க ரோல்ல லைட் பட்டு மொத்தமும் போச்சு மாப்ள. நம்ம கம்பெனிதான் நின்னுச்சு."

நான் அவர் பெற்ற பெண், எனக்குச் சந்தேகம் வராதா? வேண்டுமென்றே ரோலை வெளிச்சத்தில் பிரித்துக் காட்டியிருப்பார் என்று முடிவு கட்டி, முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். "ஆமா, எனக்கு அதான் வேலை பாரு" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். படம் முன்னறையில் ஏறியது. வந்தவர்களிடமெல்லாம் "நம்ம கம்பெனி" என்றார். இவரும் கூட நின்று தலையாட்டினார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் அப்பா மாறவில்லை. "சிஸ்டர், நேத்து வேற கம்பெனி மாத்திரைதானே?" என்று மாத்திரையைக் கையிலேயே வைத்திருப்பார். மாப்பிள்ளை வாங்கிப் பார்த்து, சரி என்றால்தான் விழுங்குவார்.

இந்த மலரின் அட்டைக்காக அந்தப் படத்தின் நெகட்டிவைத் தேடினோம். பீரோவில் பத்திரமாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பேரனோடு அப்பா இருந்தார். அதே ஃபிலிம் துண்டில், அடுத்தடுத்து, இவருடைய ஆபீஸ் நண்பர்கள், எங்கள் மொட்டைமாடி, துணி உலர்த்தும் நான். லைட் பட்டுப் போனதாகச் சொன்ன இவருடைய ரோல் அதுதான்.

ஒன்றும் புரியாமல், அப்பாவின் கேமராவைத் தூக்கிக்கொண்டு, சிவாஜிநகரில் அவர் வழக்கமாகப் போகும் ரிப்பேர் கடை பாயிடம் ஓடினேன்.

"இதோட ஷட்டர் எப்பவோ போச்சேம்மா, அமுக்கினா சத்தம் வரும், படம் விழாது. உன் பையன் பொறக்கறதுக்கு முந்தியே கொண்டாந்தாரு. பார்ட்ஸ் வர்றது நின்னுபோச்சுண்ணான்னு சொன்னேன். அப்புறம், வீட்ல யாருக்கும் தெரிய வேணாம் பாய்னு எடுத்துட்டுப் போயிட்டாரு."

முட்டி வலி என்று சொல்லி அப்பா கல்யாண வேலைகளை நிறுத்தியதும் அப்போதுதான். கடை வாசலிலேயே நின்று அழுதேன். ஓடாத கேமராவை முன்னால் நீட்டிவிட்டு, மாப்பிள்ளையின் கேமராவுக்கு முகம் கொடுத்திருக்கிறார். பேரனோடு ஒரு படம் வேண்டும், ஆனால் தோற்றதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. அதுதான் எங்கள் அப்பா.

அவருடைய ஆயிரம் கேள்விகளையும் பொறுத்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும், கடைசிவரை கூடவே நின்ற ஸ்ரீராம்புரத்து அக்கம்பக்கத்தாருக்கும், சொன்ன வாக்கைக் காத்த பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அட்டைப் படத்தை எடுத்தவர் அப்பாவின் மாப்பிள்ளை. எந்தக் கேமரா என்று யாராவது கேட்டால், தயவுசெய்து அப்பா சொன்னதையே சொல்லுங்கள்.

நம்ம கம்பெனி.