வாசித்துக் காட்டிய வாக்குமூலம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்கத்தாவில், பாலிகஞ்ச் பகுதியில் ஒரு வங்கியில் அதிகாரி. பேச்சில் என்னை யாரும் மடக்க முடியாது என்ற கொழுப்பு எனக்கு நிறையவே உண்டு. மாடிவீட்டு வங்காளி வக்கீலம்மாவை எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள், தமிழ்ப் பெண் ஒருத்தியின் வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். பெரிய உபகாரம் செய்யப்போகிறவள் மாதிரி கிளம்பிப் போனேன்.

அந்தப் பெண் இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவள். வயது இருபத்தாறு. வெளிநாட்டில் இருந்த அண்ணனிடம் சேர்ப்பதாகச் சொன்ன ஏஜெண்ட், கல்கத்தாவில் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். விசா இல்லாமல் பிடிபட்டதால் அலிப்பூர் கோர்ட்டில் வழக்கு. ஊருக்குப் போனால் தனக்கு என்ன ஆபத்து என்று அவள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சொன்னாள். ஊரில் சண்டை நடந்த ஒரு நாளில், சோதனைச் சாவடியில் சீருடை போட்ட மூன்று பேர் தன்னை என்னென்ன செய்தார்கள் என்று, குரல் உயராமல், வரிசையாக. அவர்களில் ஒருவன் இன்னமும் தன் தெருமுனையில்தான் காவலுக்கு நிற்கிறான் என்றும் சொன்னாள். நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இதையெல்லாம் காகிதத்தில் வைப்போமா? "காவலில் துன்புறுத்தப்பட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேனாம், உள்ளூரப் பெருமை வேறு!

தீதியிடம் ஒரு கண்டிப்பு உண்டு. எழுதியதைச் சொன்னவருடைய மொழியிலேயே திருப்பி வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கமாட்டார். வாசித்தேன். அந்த வரி வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அக்கா, நான் சொன்னது இதில இல்லையே."

"அதெல்லாம் எதுக்கும்மா? நாளைக்கு உனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு..."

"சொல்ல எனக்கு வெக்கமில்லை. எழுத உங்களுக்கு வெக்கமோ? செய்தவங்களே வெக்கப்படேல்லை."

சுருக்கென்றது. நான் எழுதாமல் விட்டதைத் தீதியிடம் சொன்னேன். கேட்டதும் அவர் கத்தினார்: "இந்த வரியைப் படிச்சா யாரோ ரெண்டு அடி அடிச்சாங்கன்னுதான் நீதிபதி நினைப்பார். நீயே இவளை ஊருக்கு ஏத்திவிட்டிருப்பே!"

முதலிலிருந்து எழுதினேன். இந்தமுறை அவள் சொன்ன ஒவ்வொன்றையும். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் அவள்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திரும்ப வாசித்ததும், "இப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. என் மூடத்தனத்தால் அவள் உயிரே போயிருக்கும்; அதை அவளே தடுத்தாள், என்னையும் அந்தப் பாவத்திலிருந்து காப்பாற்றினாள். அதற்குப் பிறகு பல பெண்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அத்தனைக்கும் அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கோர்ட்டிலும் அவளுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். நீதிபதி என் மூலமாகக் கேட்டார்: "இதையெல்லாம் யாராவது சொல்லவைத்தார்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். "சொல்ல ஒருத்தரும் வைக்கேல்லை ஐயா. எழுத வைக்கத்தான் நான் பாடுபட்டனான்."

காது சிவக்க, அதையும் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அவளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அன்றே உத்தரவாயிற்று.