மைக்கு அடியில் இருந்த சிவப்பு

எங்கள் நெட்டுக்குப்பத்தில் குழந்தைக்கு மூச்சு இழுத்தால் யாரும் பதறுவதில்லை. காலையில் கொடியில் போட்ட துணியில் சாயங்காலம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். அந்தக் காற்றைத்தான் பிள்ளைகளும் இழுக்கின்றன. அதனால் பிறந்த இரண்டாம் மாதத்தில் என் மகள் ஒவ்வொரு மூச்சுக்கும் கர்கர்ரென்று சத்தம் போட்டபோது, கிளினிக் டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எல்லாம் இந்த எண்ணூர் காத்தும்மா" என்று முகத்தில் மருந்துப் புகை பிடித்து அனுப்பினார். இரண்டு நாள் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

அதற்கு முன்பே அவள் தாடையில் சிவப்பாக ஒரு திட்டு கிளம்பியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அதைப் பற்றியே கேட்டார்கள். என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அல்லாரும் அதியே பாத்துகினு கீறாங்க. கண்ணு பட்டுதான் புள்ளைக்கு இழுக்குது" என்று தினமும் அந்தச் சிவப்பு மறையும்படி பெரிதாக மை வைத்தாள். கிளினிக்குக் கிளம்பும்போது இன்னும் அழுத்தமாக வைப்பாள், அங்கே கூட்டம் அதிகம் என்று.

சளி பிடித்த ஒரு காலையில் உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிரைக் காப்பாற்ற முதலில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா பஞ்சை நனைத்து மையைத் துடைத்தார். "இந்த சிவப்பு எப்பலேர்ந்து இருக்கு?" என்றார். தொண்டைக்குள் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் அதே சிவப்பு. ரத்தக்குழாய்கள் கட்டியாகத் திரண்டு மூச்சு வழியை அடைத்திருந்தன.

"தாடையில இப்படி இருந்தா தொண்டையையும் பார்க்கணும்மா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஓட்டை போடாம மருந்துலயே சுருங்கியிருக்கும்" என்றார். நாத்தனார் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், ஆசையில் செய்தாள். இப்போது மைச்சிமிழைத் தொடுவதே இல்லை. தலை நிமிராத அந்த டாக்டரை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கட்டியைக் கரைக்க, இதயத்துக்குக் கொடுக்கும் ஒரு மருந்தைத் தருகிறோம். பால் குடித்த பிறகுதான் தர வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடுமாம். கட்டி சுருங்கி வருகிறது. ஆனால் குழாயை எடுக்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். மூச்சு கழுத்து வழியாகவே போய்விடுவதால், அதுவரை அவளுக்குக் குரல் கிடையாது.

நேற்று அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பாயில் கிடந்தவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். திரும்பினால் வாயைப் பிளந்து, முகம் சிவந்து, கண்ணீர் காதுவரை வழிய அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக அழுதாளோ, எனக்குத் தெரியாது.